வங்கிக் கடன் உள்ள வீடு: அசல் பத்திரம் யார் கையில்?

வீடு பிடித்துவிட்டது, தெரு பிடித்துவிட்டது, விலையும் ஏறக்குறைய ஒத்துவந்துவிட்டது. அப்போதுதான் புரோக்கர் சாவகாசமாகச் சொல்வார்: "சின்னதா ஒரு லோன் இருக்கு சார், அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல." பல நேரம் அது உண்மைதான். கடன் நிலுவையில் இருக்கும் வீடுகள் தினமும் முறையாகக் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு வரிக்குள் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்து ஏழெட்டுச் சட்டக் கேள்விகள் மடிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து அவற்றை இங்கே பிரித்துப் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் குழம்பினாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: அசல் பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது? என் பணம் போகும்போது அது யார் கைக்கு வருகிறது?

அடமானம் வைத்தால் வீடு வங்கிக்குச் சொந்தமா?

இல்லை. வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் உங்கள் பெயரில்தான். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58ஆவது பிரிவில் ஆறு வகை அடமானங்களைச் சொல்கிறது. வீட்டுக் கடனில் வழக்கமாக நடப்பது அதில் ஒன்று: உரிமை ஆவணங்களை ஒப்படைத்துச் செய்யும் அடமானம். வங்கி வட்டாரத்தில் இதை 'எம்ஓடி' என்பார்கள். நகைக் கடனில் நகையே பெட்டகத்துக்குப் போய்விடும். இங்கே நீங்கள் வீட்டில் குடியிருக்கிறீர்கள், கிரயப் பத்திரமும் தாய்ப் பத்திரமும் (உங்களுக்கு முன்பிருந்த உரிமையாளர்களின் பழைய பத்திரம்) மட்டும் பெட்டகத்தில் இருக்கின்றன. கடனைக் கட்டாவிட்டால் வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைதான் வங்கிக்கு உண்டு. முழுக் கடனையும் கட்டிவிட்டால் சொத்தைப் பாரமில்லாமல் திரும்பப் பெறும் உரிமையை அதே சட்டத்தின் 60ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது. கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் பறிக்க முடியாது.

சரி, சொந்த வீடுதானே, வங்கிக்குச் சொல்லாமல் விற்றால் என்ன? விற்றாலும் அடமானம் வீட்டோடு சேர்ந்து போகும். வாங்கியவர் தலையில் அந்தக் கடன் பாரம் ஏறும். போதாக்குறைக்கு, எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் விற்க மாட்டேன் என்று கடன் வாங்கும்போதே நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தக் கத்தைக் காகிதத்தில் நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பல பக்கங்களில் அதுவும் ஒன்று. அதனால் விற்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, விற்கப்போவதாக வங்கிக் கிளையில் எழுதிக் கொடுப்பது.

ஈசியை எப்படிப் படிப்பது?

வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. விற்பவர் நகல் எடுத்துத் தரும்வரை காத்திருக்காமல் நீங்களே பாருங்கள். பலர் ஈசியை "வில்லங்கம் இருக்கா இல்லையா" என்று மட்டும் பார்க்கிறார்கள். அதை ஒரு கணக்கு நோட்டு மாதிரி வரிவரியாகப் படிக்க வேண்டும்.

ஒரு மாதிரி பாருங்கள். 2016இல் ஒரு கிரயப் பத்திரம். அதே நாளில், அடுத்த ஆவண எண்ணிலேயே 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு. எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்காரர், எழுதி வாங்கியவர் வங்கி, தொகை 28,00,000. இதுதான் வீட்டுக் கடன். 2020இல் அதே வங்கிக்கு 6,00,000 ரூபாய்க்கு இன்னொரு ஒப்படைப்பு. இது டாப்-அப், அதாவது இருக்கும் கடனுக்கு மேல் வாங்கிய கூடுதல் கடன். அப்புறம் 2023இல் 'ரசீது' என்று ஒரு வரி. கடன் அடைந்துவிட்டது என்று வங்கி எழுதிக் கொடுத்துப் பதியும் ஆவணம் அது. ரசீதைப் பார்த்ததும் கடன் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். ஆனால் ரசீதில் முந்தைய ஆவண எண் என்ற இடத்தில் எந்த எண் இருக்கிறது? 2016இன் எண்ணா, 2020இன் எண்ணா? ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் அதன் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரசீது இருக்க வேண்டும். இரண்டு ஒப்படைப்புக்கு ஒரு ரசீதுதான் இருக்கிறது என்றால், ஒரு கடன் இன்னும் உயிரோடு இருக்கலாம், அல்லது கடனைக் கட்டி முடித்தும் ரசீதைப் பதிய மறந்திருக்கலாம். இரண்டாவது ரகம் ரொம்பச் சாதாரணம். கடன் முடிந்த சந்தோஷத்தில் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமலே விட்டவர்கள் நிறையப் பேர். விற்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கிளையைத் தேடிப்போய், வங்கி சார்பில் ஒருவர் வந்து ரசீதில் கையெழுத்துப் போடும்வரை அலைய வேண்டியிருக்கும்.

ஈசியில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாமல், பத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிய பழைய கடன்கள் வராது. தனியார் ஃபைனான்ஸ்காரரிடம் பத்திரத்தை வைத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் வராது. உயில் வராமல் போகலாம், நிலுவையில் உள்ள வழக்குகள் பெரும்பாலும் வராது. இதற்கு ஓரளவு துணை, செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகம். 2011இலிருந்து இயங்குகிறது. வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்களிடம் அடமானமாக உள்ள சொத்துகளை அங்கே பதிகின்றன. சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம்.

ஆனால் எந்தத் தேடலைவிடவும் பெரிய சோதனை, அசலைக் கண்ணால் பார்ப்பதுதான். ஜெராக்ஸ் போதாது, சான்றிட்ட நகலும் போதாது. "பத்திரம் எங்கே?" என்று கேட்டால் வரக்கூடிய பதில்களில் "பேங்க்ல இருக்கு" என்பது நல்ல பதில். எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்டுப் போய்ப் பார்க்கலாம். "தொலைஞ்சு போச்சு" என்பதுதான் பயப்பட வேண்டிய பதில். உண்மையிலேயே தொலைந்தும் போகலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குக் காவல்துறையில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம், பதிவுத்துறையின் சான்றிட்ட நகல் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் எங்கோ ஒருவரிடம் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கிவிட்டு, அதே வழியில் போய்ச் சான்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அசல் தொலைந்த வீட்டை அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அனுபவமுள்ள வழக்கறிஞரின் எழுத்துமூலமான கருத்து இல்லாமல் தொடவே வேண்டாம்.

"அடமானம் இருந்தால் சார்பதிவாளரே பதிய மாட்டாரே" என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்ட வேண்டும், அடமானம் இருந்தால் தடையில்லாச் சான்று வேண்டும் என்று தமிழ்நாட்டில் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். விற்பவரின் உரிமையைச் சோதிப்பது சார்பதிவாளர் வேலை அல்ல என்று சொல்லி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அதன்பின் மாநில அரசு சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. அது எப்படிப் போனாலும், சரிபார்க்கும் பொறுப்பு பணம் கொடுக்கிறவருடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் கையில் இருக்க வேண்டிய இரண்டு காகிதங்கள்

முதலாவது, நிலுவைக் கடிதம். வங்கியில் 'ஃபோர்குளோஷர் லெட்டர்' என்று கேட்க வேண்டும். இன்ன தேதியில் கடனை முடிக்க இவ்வளவு கட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு வட்டி என்று அதில் இருக்கும். 22 லட்சம் அசல் நிலுவை, 8.5% வட்டி என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 512 ரூபாய். பதிவு இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஏழாயிரம் ரூபாய் கூடுதல். அது யார் கணக்கில் என்று முன்பே பேசிவைக்காமல், கடைசி நாளில் முகம் சுளித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, வங்கியிடம் உள்ள ஆவணங்களின் பட்டியல். எந்தெந்த அசல் பத்திரங்கள், என்ன எண், என்ன ஆண்டு என்று வங்கி முத்திரையோடு இருக்கும். வாங்குபவரின் வழக்கறிஞர் இதை ஈசியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பட்டியலில் தாய்ப் பத்திரம் இல்லை என்றால் இப்போதே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பது அடுத்து வரும் கேள்வி. தனிநபர் வாங்கிய, மாறும் வட்டி விகிதத்தில் உள்ள வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2012இலிருந்து இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அதில் கட்டணம் இருக்கலாம்.

கிரய ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

ஒப்பந்தம் போட்டதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும். ஒப்பந்தம் தருவது, "சொன்னபடி எழுதிக் கொடு" என்று வழக்குப் போடும் உரிமை. அதற்கும் காலக்கெடு மூன்று வருடம்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. பதியாத ஒப்பந்தத்தை வைத்து நீதிமன்றம் போகவே முடியாது என்பதில்லை. ஆனால் அது ஈசியில் வராது. விற்பவர் அடுத்த வாரமே இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கினால், அந்த இன்னொருவருக்கு உங்களைப் பற்றித் தெரியவே வழியில்லை. கடன் உள்ள வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள் என்றால் பதிவுச் செலவைப் பார்க்காதீர்கள்.

கடன் விஷயத்தை ஒப்பந்தத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். ஆவண எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் "இச்சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை" என்று அச்சடித்தே இருக்கும். கடன் இருக்கும்போது அந்த வரியோடு கையெழுத்துப் போட்டால் விற்பவர் பொய் எழுதிக் கொடுத்ததாகிறது. அதற்குப் பதிலாக ஏறக்குறைய இப்படி எழுதலாம்: "இச்சொத்தின் பேரில் இன்ன வங்கியில் இன்ன எண்ணுள்ள வீட்டுக் கடன் இன்ன தேதியில் ரூ.22,00,000 நிலுவையில் உள்ளது. இக்கடன் நீங்கலாக வேறு வில்லங்கம் ஏதுமில்லை. கிரயத் தொகையிலிருந்து மேற்படி நிலுவையை 2ஆம் பார்ட்டியார் நேரடியாக மேற்படி கடன் கணக்கில் செலுத்தவும், அத்தொகையைக் கிரயத் தொகையின் பகுதியாகக் கொள்ளவும் இரு தரப்பும் சம்மதிக்கிறோம்." இதோடு மூன்று விஷயம் சேர வேண்டும். ஒப்பந்தத் தேதிக்குப் பிறகான வட்டி யாருடையது? வாங்குபவரின் லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வருமா, எத்தனை நாளில்? வங்கி பத்திரம் தரத் தாமதித்தால் ஒப்பந்தக் காலம் தானாக நீளுமா? 'நேரடியாகக் கடன் கணக்கில்' என்ற சொற்களை மட்டும் யார் எவ்வளவு கெஞ்சினாலும் விட்டுவிடாதீர்கள்.

அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதும் தவறு. அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த அபராதம் பணம் வாங்கியவருக்குத்தான்.

பணமும் பத்திரமும் எப்படி எதிரெதிராக நகர்கின்றன?

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். வாங்குபவர் "பத்திரத்தைக் காட்டுங்க, பணம் தரேன்" என்கிறார். விற்பவர் "பணம் கொடுத்தாதானே பத்திரம் வரும்" என்கிறார். இரண்டும் நியாயம்தான்.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். வீட்டின் விலை 60 லட்சம், விற்பவரின் நிலுவை 22 லட்சம். வாங்குபவருக்கும் லோன் வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 80% வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வரம்பு. ஆக 48 லட்சம் வரை கிடைக்கலாம். இவர் 45 லட்சம் எடுக்கிறார், சொந்தப் பணம் 15 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அதற்கு 5,40,000 ரூபாய் தனியாக வேண்டும், லோனில் அது வராது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இங்கே 60,000 ரூபாய். வங்கி தன் 45 லட்சத்தை முழுசாகத்தான் கொடுக்கும் என்பதால், இந்த அறுபதாயிரத்தை வாங்குபவரின் 15 லட்சத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இதையும் ஒரு வரி எழுதிவிட்டால், "ஏன் குறையுது" என்ற பேச்சு வராது.

எளிமையான வழி, வாங்குபவரும் அதே வங்கியில் லோன் எடுப்பது. பத்திரம் பெட்டகத்தைவிட்டு வெளியே வரவே தேவையில்லை. பழைய கணக்கை மூடி, புதுக் கணக்கைத் திறந்துவிடுவார்கள். வட்டி கால் சதவீதம் கூடுதலாக இருந்தாலும்கூட இந்த வழியை யோசிக்கலாம், ஒரு வருடம் கழித்து வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

வேறு வங்கி என்றால் இரண்டு வங்கிகளும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். "22 லட்சம் வந்ததும் இந்தப் பட்டியலில் உள்ள அசல்களை உங்களிடமே ஒப்படைப்போம்" என்று பழைய வங்கி எழுதித் தர, புது வங்கி அந்தத் தொகையை நேரடியாக அந்தக் கடன் கணக்குக்கு அனுப்பும். எல்லாக் கிளைகளும் இதற்கு ஒத்துவருவதில்லை. கிரயமே பதிவாகாத வீட்டுக்கு 22 லட்சத்தை எப்படி முதலில் வெளியே விடுவது என்று புது வங்கி தயங்கும். அதன் தயக்கத்திலும் தவறில்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வங்கி மேலாளரிடம் போய், "கடன் உள்ள வீடு, இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒத்துக்கொண்டால், பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று ஆவணங்கள் வரிசையாக நிற்கும். முதலில் பழைய வங்கியின் ரசீது. அடுத்தது கிரயப் பத்திரம். மூன்றாவது புது வங்கிக்கு எம்ஓடி. வரிசை மாறக் கூடாது. பழைய வங்கியிலிருந்து ஒருவர், புது வங்கியிலிருந்து ஒருவர், இரு தரப்பு, சாட்சிகள், வழக்கறிஞர், ஆவண எழுத்தர் என்று பெரிய கூட்டமே அந்த மரத்தடியில் நிற்கும். யாராவது ஒருவர் வராவிட்டாலும் அன்றைக்குக் கதை முடிந்தது. நல்ல நேரம் பார்க்கிறவர்கள் டோக்கன் போடும்போதே பார்த்துக்கொள்வது உத்தமம். நம் கணக்கில் புது வங்கியின் 45 லட்சத்தில் 22 லட்சம் பழைய கடனுக்குப் போயிருக்கும், மீதி 23 லட்சத்துக்கு விற்பவர் பெயரில் டிடி. ஒப்பந்தத்தின்போது கொடுத்த 5 லட்சம் போக, சொந்தப் பணத்தில் மிச்சமுள்ள 10 லட்சமும் டிடிஎஸ் பிடித்ததுபோக இன்றுதான் கைமாறும்.

மூன்றாவது வழிதான் ஆபத்தானது, ஆனாலும் அடிக்கடி நடப்பது. வாங்குபவர் தன் கைப்பணத்தில் முதலில் கடனை அடைத்துவிடுவது. அடைத்ததும் வங்கி பத்திரத்தை யாரிடம் தரும்? கடன் வாங்கியவரிடம்தான், உங்களிடம் அல்ல. அவர் மனசு மாறினால்? "இப்போ விலை ஏறிடுச்சு, இன்னும் அஞ்சு லட்சம் சேர்த்துக் கொடுங்க" என்றால்? சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. கிரயத்தை எதிர்பார்த்து முறைப்படி கொடுத்த தொகைக்கு, அந்தச் சொத்தின் மேலேயே வாங்குபவருக்கு ஒரு பாத்தியதை (பணத்துக்குச் சொத்தே ஈடு என்ற உரிமை) உண்டு என்கிறது அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. உங்கள் பணத்தில் கடன் அடைகிறது, அதனால் வங்கிக்கிருந்த உரிமை உங்களுக்கு வரும் என்று விற்பவர் பதிவு செய்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், 92ஆவது பிரிவின்படி நீங்கள் வங்கி நின்ற இடத்தில் நிற்கலாம். ஆனால் இதெல்லாம் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கும் நிவாரணம். இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால் பதிந்த ஒப்பந்தம், கடன் கணக்குக்கு நேரடிப் பணம், பத்திரம் வாங்கும் நாளில் வங்கியிலேயே நீங்களும் கூட நிற்பது, முடிந்தால் அன்றைக்கே அல்லது மறுநாளே பதிவு. இதில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

"இஎம்ஐயை நீங்க கட்டிக்கிட்டு வாங்க, எழுதித் தரேன்"

நண்பர்களுக்குள், சொந்தக்காரர்களுக்குள் இது சகஜம். கடன் விற்பவர் பெயரிலேயே இருக்கும். வாங்குபவர் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டுக் குடிபோவார், மாதாமாதம் தவணை கட்டுவார், ஒரு பவர், அதாவது விற்பவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி வாங்கிக்கொள்வார். 12 வருடம் கழித்துக் கடன் முடிந்ததும் கிரயம் என்று பேச்சு.

பேசும்போது இரண்டு பேருக்கும் லாபம் மாதிரி தெரியும். பிரித்துப் பாருங்கள். பவரை வைத்து வீட்டுக்கு உரிமையாளர் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவர் அன்றே செத்துவிடும். வாரிசுகள் வந்து, "எங்கப்பா வாடகைக்குத்தான் விட்டிருந்தார்" என்றால் உங்கள் கையில் தவணை கட்டிய ரசீது மட்டும்தான், அதுவும் அவர் அப்பா பெயரில். விற்றவருக்கும் நிம்மதி இல்லை. நீங்கள் ஒரு தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண் விழும், நோட்டீஸ் அவர் வீட்டுக் கதவில் ஒட்டப்படும். பதியாத ஒப்பந்தத்தின் மூன்று வருடக் கெடு எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று ஒரு தனி வழக்கே நடக்கும். உங்கள் பெயருக்குக் கடனை மாற்ற வங்கி ஒத்துக்கொண்டால் அது வேறு. அப்போது அது புதுக் கடன், புதுக் கிரயம், எல்லாம் முறைப்படி நடக்கும். அதில்லாமல் வாய்ப்பேச்சில் தவணை கட்டும் ஏற்பாட்டை யார் செய்யச் சொன்னாலும், மறுத்துவிடுவது உறவுக்கும் நல்லது.

தவணை தவறிய வீடு

இங்கே சட்டம் வேறு. தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் தவணை நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். அதன்பின் வங்கி, அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அந்த நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மறைத்து விற்றால் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். ஆனால் விற்பவர் உண்மையைச் சொல்லி, வங்கியின் சம்மதத்தோடு, ஏலத்துக்கு முன்பே விற்றால் ஏலத்தில் போவதைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு. நாளை நெருங்க விடக் கூடாது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனை அடைத்து வீட்டை மீட்கும் உரிமை போய்விடுகிறது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வங்கி ஏலத்தில் வாங்குகிறவர் கவனத்துக்கு: ஏலம் முடிந்ததும் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25%, மீதி வழக்கமாக 15 நாளில். 'உள்ளது உள்ளபடி' என்று அறிவிப்பில் இருந்தால் பழைய வரி பாக்கி, உள்ளே குடியிருப்பவர் எல்லாம் உங்கள் தலைவலி. வங்கி கையில் இருப்பது சாவியா, காகிதத்தில் மட்டும் சுவாதீனமா என்று கேளுங்கள். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுக்குமாடி என்றால் கூடுதலாக ஒன்று. பில்டர் மொத்த நிலத்தையும் அடமானம் வைத்துக் கட்டுமானக் கடன் வாங்கியிருக்கலாம். உங்கள் ஃபிளாட்டுக்கும் அதன் பிரிபடாத பாகத்துக்கும் (மொத்த நிலத்தில் உங்கள் பங்கு) அந்தக் கடனைக் கொடுத்தவரின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேராவின்படி உங்களோடு விற்பனை ஒப்பந்தம் போட்ட பிறகு பில்டர் அந்த ஃபிளாட்டை அடமானம் வைக்கக் கூடாது, வைத்தாலும் அது உங்கள் உரிமையைப் பாதிக்காது. ஒப்பந்தத்துக்கு முன்பே வைத்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடன் முடிந்தும் பத்திரம் வரவில்லை என்றால்?

2023 டிசம்பர் 1 முதல் இதற்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வங்கி எல்லா அசல் ஆவணங்களையும் திருப்பித் தர வேண்டும், பதிவகங்களில் போட்ட பாரத்தையும் நீக்க வேண்டும். தன் தவறால் தாமதித்தால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரத்தைத் தொலைத்துவிட்டால் சான்றிட்ட நகல் எடுக்க உதவி, செலவையும் வங்கியே ஏற்க வேண்டும். அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம். கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் எழுத்தில் கேட்டால். வங்கி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

வரியில் விற்பவர் ஏமாறும் இடங்கள் இரண்டு. 60 லட்சத்தில் 22 லட்சம் கடனுக்குப் போய்விட்டது, அதனால் 38 லட்சத்துக்குத்தான் கணக்கு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கடன் நீங்கள் வீடு வாங்கியதற்கான பணம், வீட்டின் அடக்கவிலையிலேயே அது இருக்கிறது. விற்ற விலைக்கும் அடக்கவிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் லாபம். இன்னொன்று, பழைய வரிமுறையில் கடனின் அசலைக் கட்டியதற்கு 80சி பிரிவில் வருமான வரிக் கழிவு வாங்கியிருந்து, வீட்டைக் கையில் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், அதுவரை வாங்கிய கழிவெல்லாம் விற்ற ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். நாலே முக்கால் வருடத்தில் விற்கிறவர்கள் ஒரு காலண்டரைப் பார்த்துவிட்டு விற்கலாம். விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அந்த 1% டிடிஎஸ் கணக்கே செல்லாது. பிடித்தம் அதைவிடப் பல மடங்கு, பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் மேல். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய கேஸ் அது.